எங்கள் விமானத்தில் யார் கை வைத்தது

வெள்ளவத்தையில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. காலி வீதி பஸ் இரைச்சலுக்குள் இருந்துகொண்டு நாள் முழுக்க மற்றவர்களின் கண்ணைச் சோதிப்பதுதான் தொழில். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்கு ஒரு விமானத்தில் பாதி சொந்தம் என்று தொடங்கினால் ஏதோ பெரிய இடத்துப் பெண் என்று நினைத்துவிடுவார்கள். அது இரண்டு பேர் மட்டும் நெருக்கியடித்து இருக்கக்கூடிய சின்ன அலுமினிய விமானம். ஒரு மனிதர் தன் வீட்டுக் கராஜில் வைத்துக் கட்டியது. மற்றப் பாதி என் அக்காவின் கணவருக்குச் சொந்தம். அத்தானுக்குக் கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயர் கடை. நாங்கள் இருவரும் ஒரே இடத்தில்தான் பறக்கப் பழகினோம். புது விமானம் வாங்க எங்கள் இருவரின் சொத்தும் சேர்ந்தாலும் காணாது. அதனால்தான் இது.

கட்டியவரும் கொட்டாஞ்சேனைக்காரர்தான். விமானங்களைப் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அவர் அங்கிள். பல வருடங்களாகத் தகடு தகடாக அதைச் சேர்த்தார். பிறகு மனைவி இறந்து, மகளோடு இருக்க மெல்பர்னுக்குப் போக முடிவெடுத்தபோது எங்களுக்கு விற்றார். விற்ற அன்று ஓட்டுநர் இருக்கைக்கு முன்னாலுள்ள கருவிப் பலகையில் ஒட்டியிருந்த சின்ன அறிவிப்பைத் தொட்டுக் காட்டினார். இது தனியாள் ஒருவர் கட்டியது, தொழிற்சாலை விமானங்களுக்கான தரச் சான்று இதற்கு இல்லை, ஏறுகிறவர் தெரிந்துகொண்டு ஏறுங்கள் என்பதுதான் அதன் சாரம். "இத ஒருநாளும் பிச்சிறாதீங்க. சட்டம்" என்றார்.

சட்டம் எவ்வளவு என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. அந்த விமானத்தைக் கட்டியவருக்கு ஒரு சலுகை இருந்தது. தான் கட்டியதைத் தானே பழுதுபார்க்கலாம், வருடாந்தப் பரிசோதனையையும் தானே செய்து கையெழுத்திடலாம். ஆனால் விமானத்தை விற்றால் அந்தச் சலுகை விமானத்தோடு வராது, கட்டியவரோடேயே நின்றுவிடும். நாங்கள் வெறும் உரிமையாளர்கள். ஒயில் மாற்றலாம், டயர் மாற்றலாம், பிளக்கைக் கழற்றித் துடைக்கலாம். விமானத்தைத் திருப்புகிற, ஏற்றுகிற, இறக்குகிற எதையும் தொடக்கூடாது. அதற்கு உரிமம் பெற்ற எஞ்சினியர் வேண்டும். அவர் கையெழுத்திடாத வேலை செய்யாத வேலைக்குச் சமம். அப்படி யாராவது கை வைத்தது தெரிந்தால் பறக்கும் அனுமதி நிற்கும்.

எங்கள் எஞ்சினியர் ஒரு சிங்களவர். சிரிக்கக் காசு கேட்பவர் போல இருப்பார். வருடத்துக்கு ஒருமுறை விமானத்தை முழுவதும் திறந்து பார்த்து மூடுவார். மூடியபின் இறக்கையின் அடியில் இருக்கும் மூடிகளின் திருகாணி ஒவ்வொன்றிலும் மஞ்சள் லாக்கர் ஒரு பொட்டு வைப்பார். யாராவது திருகினால் பொட்டு வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை நான் தனியாகப் போய், பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலி வீதியிலேயே தெற்கே போனால் வரும் விமானத்திடலின் ஓரத்தில், வாடகைக்கு எடுத்த கொட்டகையில்தான் அது நிற்கிறது. இடது இறக்கைக்கு அடியில் குனிந்தேன். ஒரு மூடியின் பொட்டுகள் மஞ்சளாக இல்லை. கறுப்புக் கலந்த சிவப்பு. விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நகத்துக்குப் பூசும் கியூடெக்ஸ்.

அந்த மூடிக்கு உள்ளேதான் இறக்கையின் ஓரத்து மடலை ஏற்றி இறக்கும் பொறி இருக்கிறது. விமானத்தை இடமும் வலமும் சரிப்பது அதுதான். நாங்கள் தொடவே கூடாத இடம்.

அன்று நான் பறக்கவில்லை. காவலாளியைக் கூப்பிட்டேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த மனிதர், அங்கே நெடுநாளாக இருக்கிறார்.

"நான் இல்லாத நேரம் யாரும் வந்தவையோ?"

"வேற யாரும் வரலீங்க மேடம். ஓனர்தான் வந்தாருங்க."

"எப்ப?"

"இந்த வாரந்தாங்க. டூல் பேக் எல்லாம் கொண்டாந்தாரு. கொஞ்ச நேரம் கீழ படுத்து வேல செஞ்சிட்டுப் போனாரு."

மேற்கொண்டு நான் கேட்கவில்லை. குடும்ப விஷயத்தைக் காவலாளியிடம் துருவுவது அழகில்லை என்று நினைத்தேன். விமானத்துக்கு இரண்டு உரிமையாளர்கள். ஒருவர் நான். வந்தது ஆண். வேறு என்ன யோசிக்க இருக்கிறது?

கடைக்குத் திரும்பி வரும்போது மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. போன மாதம் அத்தான் தனியாகப் பறந்தார். திரும்பி வந்தபின் வழமையான கதை ஒன்றும் சொல்லவில்லை. எங்கேயோ இறக்கை இடிபட்டிருக்குமோ? எஞ்சினியரைக் கூப்பிட்டால் செலவு, அனுமதி நிற்கும் என்று தானே திறந்து எதையோ தட்டி நிமிர்த்தியிருப்பாரோ? அவர் கையில் எதையும் கழற்றிப் பூட்டுகிற பழக்கம் உண்டு. ஹாட்வெயர் கடைக்காரர். நான் எத்தனையோ முறை அந்த விமானத்தில் அவர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வழமைபோல் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அக்கா இறால் குழம்பை எனக்கு ஊற்றினாள். அவள் நகங்கள் கறுப்புக் கலந்த சிவப்பில் மினுங்கின.

அதற்குமேல் என்னால் சாப்பிட முடியவில்லை.

"அத்தான், இந்தக் கிழமை திடலுக்குப் போனனீங்களோ?"

"இல்லையே. கடையில ஸ்டொக் எடுக்கிற வேலை. ஏன்?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என் முகத்தைப் பார்த்தார். நான் மூடியைப் பற்றிச் சொன்னேன். காவலாளி சொன்னதையும் சொன்னேன். அத்தான் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஓனரெண்டா நீரும்தானே ஓனர்? நீர்தானே அடிக்கடி தனியப் போறனீர்?"

"அவன் 'வந்தாரு' எண்டுதான் சொன்னவன்."

"அவங்கள் பொம்பிளையளுக்கும் அப்பிடித்தான் சொல்லுவாங்கள். போன மாதம் நான் எடுக்கேக்க விமானம் இடப்பக்கம் இழுத்தது. நீர் எங்கேயோ இறக்கேக்க அடிச்சுப்போட்டுச் சொல்லாமல் விட்டிட்டீரோ எண்டு அப்பவே யோசிச்சனான். கேட்டாக் கோவிப்பீரெண்டு விட்டனான்."

அதுதான் அவர் கதையில்லாமல் இருந்ததற்குக் காரணம். அவர் என்னைச் சந்தேகித்துக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு முகம் சூடாகியது. வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்ப அந்தக் கியூடெக்ஸ்? அக்கான்ர நகத்தில இருக்கிற அதே நிறம்."

அக்கா கரண்டியைச் சட்டியில் போட்டாள். "என்னடி சொல்லுறாய்? என்ர கியூடெக்ஸை அவர் களவெடுத்துக்கொண்டு போய்ப் பிளேனுக்குப் பூசினவரெண்டோ? இந்த நிறம் கொழும்பில எல்லாக் கடையிலயும் கிடக்குது!"

"நான் நிறத்தைத்தான் சொன்னனான்."

"நீ எதைச் சொன்னாயெண்டு எனக்கு விளங்குது."

பாயசம் இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

எஞ்சினியரைக் கூப்பிட வேண்டும் என்று நான் சொன்னபோது அத்தான் மறித்தார். அவர் காரணம் எனக்கு விளங்காமல் இல்லை. "அவர் திறந்தா எழுத வேணும். எழுதினா சிவில் விமான அலுவலகத்துக்குப் போகும். எங்கட தமிழ்ப் பேருகளைப் பாரும். அனுமதியில்லாமல் பிளேனில என்னவோ செய்தவையெண்டு ஒரு பேப்பர் போனா, என்னென்ன கேள்வி வருமெண்டு நினைக்கிறீர்?" என்றார். வாங்கும்போதே எங்கள் இருவரின் பூர்வீகத்தையும் தோண்டித் துருவித்தான் விட்டார்கள். மற்றவர்களிடம் ஒருமுறை கேட்பதை எங்களிடம் மூன்று முறை கேட்டார்கள். பாதுகாப்புப் பிரிவிலிருந்து வந்த ஒருவர் என் கடையில் கண் சோதிக்க வந்தவர்போல இருந்து பேசிவிட்டு, கடைசியில் கண்ணாடி வாங்காமலே போனார்.

ஆனாலும் அத்தான் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு மறைக்கிற மனிதர்தான் தெரிந்தார். நானே எஞ்சினியருக்குப் போன் எடுத்தேன்.

அவர் வந்த அன்று அத்தானும் வந்தார். இருவரும் விமானத்தின் இரண்டு பக்கமாக நின்றோம். எஞ்சினியர் சிவப்புப் பொட்டுகளைப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்கவோ என்னவோ, முதலில் யாரும் தொடாத வலது இறக்கையின் மூடியைத்தான் திறந்தார். டோர்ச்சை உள்ளே விட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் குனியச் சொன்னார். மடலை இயக்கும் பொறியைத் தாங்கும் இடத்தில் ஒரு போல்ட். அதன் தலையில் விமானப் போல்ட்டுகளுக்கு இருக்க வேண்டிய அடையாளம் இல்லை. சாதாரணப் போல்ட். கதவுக்கும் கட்டிலுக்கும் போடுவது.

"உங்கட கடைச் சாமான், அத்தான்" என்றேன்.

அவர் வெளிறிப்போனார். கோபத்திலா பயத்திலா என்று எனக்குத் தெரியவில்லை. "சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார். நான் நம்பவில்லை. அவருக்கு அது தெரிந்தது. அந்த நிமிஷத்தை இப்போதும் எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

எஞ்சினியர் சிங்களத்தில் என்னைப் பொறுக்கச் சொன்னார். போல்ட்டின் தலையில் டோர்ச்சைப் பிடித்தார். துருப்பிடிக்காமலிருக்க இறக்கையின் உள்ளே பூசிய பச்சைப் பெயின்ற் அந்தப் போல்ட்டின் மேலும் ஒழுகி ஒன்றாக உறைந்திருந்தது. இது கட்டிய காலத்திலிருந்தே இங்கே இருக்கிறது என்றார். தான் அந்தப் பெயின்றைப் பார்த்து ஏமாந்து, தலை அடையாளத்தைக் கவனியாமல் விட்டதையும் ஒத்துக்கொண்டார். பிறகு இடது பக்கம் போய்ச் சிவப்புப் பொட்டு வைத்த மூடியைத் திறந்தார். உள்ளே அதே இடத்தில் பளபளவென்று புதுப் போல்ட். சரியான ரகம். அது கழலாமல் தடுக்கும் ஊசியும் சரியாகப் போட்டு மடித்திருந்தது.

"கவுத மேக்க கெருவே?" என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார். யார் இதைச் செய்தது?

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிழையான போல்ட்டை எடுத்துவிட்டுச் சரியானதைப் போட, அங்கே பிழையானது இருக்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. அத்தானுக்கும் தெரியாது. அப்படித் தெரிந்திருக்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான்.

காவலாளியைக் கூப்பிட்டு, எந்த ஓனர் வந்தவர் என்று கேட்டேன். அவர் நாங்கள் விளையாடுகிறோம் என்று நினைத்துச் சிரித்தார். "பெரிய ஐயாதாங்க. மேடத்துக்கும் சாருக்கும் ஓட்டக் குடுத்திருக்காரு, ஆனா பிளேன் அவருதுதானுங்களே?"

அங்கிள் அந்தத் திடலிலுள்ள பறக்கும் கழகத்தில் இன்னும் உறுப்பினர். உள்ளே வர அவரிடம் அட்டை இருந்தது. கொட்டகைச் சாவியும் ஒன்று இருந்திருக்கிறது. மெல்பர்னுக்குப் போன் எடுத்தேன். மகள்தான் எடுத்தாள். "அப்பாவா? அவர் கொழும்புலதானே நிக்கிறார், கலியாணத்துக்குப் போனவர். உங்களப் பாக்க வரலியா?" என்றாள்.

அன்றைக்கே நானும் அத்தானும் கொட்டாஞ்சேனையில் அங்கிளின் தம்பி வீட்டுக்குப் போனோம். தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் ஒடுங்கிய ஒழுங்கை. அங்கிள் சாறத்தோடு உட்கார்ந்து டீவி பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் டீவியை நிறுத்தினார். நாங்கள் எதற்கு வந்தோம் என்று கேட்கவில்லை.

"தொறந்து பாத்துட்டீங்களா?" என்றார்.

பிறகு தானாகவே சொன்னார். கட்டிய காலத்தில் அந்த இரண்டு போல்ட்டுகளும் வெளிநாட்டிலிருந்து வரத் தாமதம். துளைகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கத் தற்காலிகமாகச் சாதாரணப் போல்ட்டைப் போட்டுப் பூட்டினார். அந்த நேரம்தான் மனைவிக்கு வருத்தம் கடுமையானது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். திரும்பி வந்து வேலையைத் தொட்டபோது பெயின்ற் அடித்தார், மூடினார். போல்ட் பார்சல் வந்து எங்கேயோ கிடந்தது. மறந்தேபோய்விட்டது. போன வருடம் மெல்பர்னில் மகளின் கராஜ்க் கதவில் ஒரு பிணைச்சல் போல்ட் முறிந்து கையில் வந்ததாம். அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் ஞாபகம் வந்ததாம்.

"போன வருஷமோ?" என்றார் அத்தான்.

அங்கிள் தலையைக் குனிந்தார். "கலியாணத்துக்கு வரும்போது மாத்திறலாம்னு நெனச்சேன். லெஃப்ட் சைட் மாத்திட்டேன். தம்பி மகளோட கியூடெக்ஸ்தான் பூசுனேன், மஞ்சள் கெடைக்கல. ரைட் சைட்டத் தொறந்து பாத்தேன். தொளை தேஞ்சு முட்ட மாதிரி ஆயிட்டு. போல்ட் மட்டும் மாத்திப் பிரயோசனம் இல்ல. தொளைக்குள்ள எறக்க லேத்துல ஒரு புஷ் கடையக் குடுத்திருக்கேன்."

"வலப்பக்கப் பொட்டு மஞ்சளாத்தானே கிடந்தது?" என்றேன்.

"ஓரமா சுரண்டித் தூக்கித் திரும்ப ஒட்டினேன், மகள். லெஃப்ட்ல அது ஒடைஞ்சிட்டு."

நான் மஞ்சள் பொட்டைப் பார்த்து நம்பிக்கொண்டிருந்த நேரமெல்லாம்!

"அதுக்கிடையில நாங்கள் பறந்திருந்தா?"

"மழைக் காலத்துல நீங்க எடுக்க மாட்டீங்கன்னு..."

"அங்கிள், நான் சனிக்கிழமை எடுக்கத்தான் போனனான்."

அத்தான் எழுந்து ஜன்னலடிக்குப் போய் நின்றார். "ஒரு கோல் அங்கிள். ஒரேயொரு கோல் எடுத்துப் பறக்காதேங்கோ எண்டு சொல்லியிருக்கலாம். நானும் இவவும் ஒருத்தரை ஒருத்தர் கள்ளரெண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சம்."

"பிளேன் பேர்த்தகட்டுல கட்டினவன்னு என் பேர்தான் இருக்கு, மகன். சொன்னா நீங்க எழுதணும். எழுதினா என் பேர் போயிரும். நான் கட்டினத நானே சரிசெய்றதுக்கு எனக்கு உரிமை இல்லையா?"

"இருக்குது. எங்களுக்குச் சொல்லிப்போட்டு, செய்ததை எழுதிக் கையெழுத்தும் வைச்சா" என்றேன். திடலிலிருந்து புறப்படும்போது எஞ்சினியர் எனக்குச் சொன்னதைத்தான் நான் திருப்பிச் சொன்னேன். கடுமையாகத்தான் சொன்னேன். அவர் கண் கலங்கியதைக் கண்டும் எனக்கு இரக்கம் வரவில்லை. அது பிறகுதான் வந்தது.

அலுவலகத்துக்கு மூவரும் சேர்ந்தே போனோம். அத்தான்தான் அப்படிப் போக வேண்டும் என்றார். மறைக்கப் பார்த்த மனிதர் என்று நான் நினைத்திருந்தவர். அங்கிருந்த அதிகாரி எங்கள் கதையை நம்பவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். மூவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்விகளைக் கேட்டார். கட்டியவர் வெளிநாட்டிலிருந்து வந்து யாருக்கும் சொல்லாமல் இறக்கையைத் திறந்தாரா? ஏன்? நீங்கள் இருவரும் ஏன் உடனே அறிவிக்கவில்லை? கடைசியில் என்னிடம் ஒன்று கேட்டார்: "பிழையான போல்ட் இரண்டுதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அங்கிள் சொன்னார் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

பறக்கும் அனுமதியை நிறுத்தினார்கள். விமானத்தை முழுவதும் திறந்து ஒவ்வொரு பிணைப்பையும் பார்க்க வேண்டும், கட்டியவர் கூடவே இருந்து தான் செய்ததற்கெல்லாம் கையெழுத்திட வேண்டும், முடிந்தபின் முதல் சில பறப்புகள் ஆளில்லாத கடற்பக்கமாக, ஓட்டுபவர் மட்டும் தனியாக ஏறிப் பறக்க வேண்டும் என்றார்கள். அங்கிள் திரும்பும் பயணத்தைத் தள்ளிப்போட்டார். எஞ்சினியரும் அவரும் நாள் நாளாக அந்தக் கொட்டகையில் வேர்த்து வழிந்தார்கள். ஆரம்பத்தில் எஞ்சினியர் அவரோடு முகம் கொடுத்தே பேசவில்லை. பிறகு மத்தியானச் சோற்றுப் பார்சலை இருவரும் ஒரே பெட்டியின் மேல் வைத்துச் சாப்பிடுவதைக் கண்டேன். வேறு பிழை ஒன்றும் வரவில்லை. எனக்கு அது நிம்மதியாக இல்லை. பார்த்து முடித்த வால்பகுதியை மறுபடி திறக்கச் சொன்னேன். அங்கிள் திருகாணிகளைக் கழற்றினார். அங்கேயும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அவர் புறப்பட்ட அன்று கொட்டகைச் சாவியை என் கையில் தந்தார். வேறு சாவி இருக்கிறதா என்று நான் கேட்டேன். "இல்ல மகள்" என்றார். அவர் போனபின் பூட்டை மாற்றினோம்.

அக்கா என்னோடு வழமைபோலக் கதைக்க நாளெடுத்தது. ஞாயிற்றுக்கிழமை போனால் சாப்பாடு போடுவாள், எனக்குப் பிடித்ததாகவே சமைத்திருப்பாள். ஆனால் என்ன கேட்டாலும் "ஓம்", "இல்லை". ஒருநாள் மட்டும் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "உனக்கு அவரைத் தெரியாதோ? என்னை விடு. அவர் உனக்கு அப்பாவுக்குப் பிறகு அப்பா மாதிரி நிண்டவர்." நான் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைத் தொடர்ந்து துடைத்தேன். அவரும் என்னைச் சந்தேகித்தார்தானே என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

அனுமதி திரும்பக் கிடைத்தபின் யார் முதலில் பறப்பது என்பதில் எனக்கு மறுபடி ஒரு குறுகுறுப்பு. அத்தான் "நான் போறன்" என்றபோது, ஏன் இவர் முந்துகிறார் என்று யோசித்தேன். எனக்கு ஏதும் நடந்துவிடக்கூடாது என்றுதான் முந்தினார் என்பது, அவர் ஏறுவதற்குமுன் மணிக்கூட்டையும் மோதிரத்தையும் கழற்றி அக்காவிடம் கொடுக்கும்படி என்னிடம் தந்தபோதுதான் உறைத்தது. அவர் கடற்பக்கம் போய்ச் சின்னப் புள்ளியாகி, இடமும் வலமும் சரிந்து, திரும்பி வரும்வரை நானும் எஞ்சினியரும் வெயிலில் நின்றோம்.

இறங்கி வந்து, "வலப்பக்கம் சரிக்கேக்கக் கொஞ்சம் இறுக்கமாக் கிடக்குது. நீரும் ஒருக்காப் பாரும்" என்றார்.

நான் தனியாக ஏறினேன். கரையைத் தாண்டிக் கடலுக்கு மேலே போய் மெதுவாக வலப்பக்கம் சரித்தேன். கை அதை உணர்ந்தது. இறுக்கம்தான். அவர் சொன்ன அளவேதான்.

கீழே வந்து சொன்னேன். "ஓம் அத்தான். இறுக்கம்தான்."

எஞ்சினியர் கவலைப்படவில்லை. புது புஷ், கொஞ்சம் பறந்தால் தானாக இளகிவிடும் என்றார்.

"அது எப்படித் தெரியும்?" என்று நானும் அத்தானும் ஒரே நேரத்தில் சிங்களத்தில் கேட்டோம்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் கண்டேன். பிறகு திருப்புளியை எடுத்துக்கொண்டு வலது இறக்கைக்கு அடியில் போய்ப் படுத்தார். நாங்கள் இருவரும் பின்னாலேயே போய்க் குனிந்தோம்.